கம்பளி நனைந்தால் சம்மதம்

தாமாக எதையும் முடிவு செய்யாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. அதில் பல கிளைகள். பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பவர்கள் ஒரு கிளை. மேலதிகாரியைக் கேட்காமல் தும்மாதவர்கள் ஒரு கிளை. நாலு பேரிடம் யோசனை கேட்டுவிட்டு, நாலு பேரும் ஒன்றையே சொல்லிவிட்டால் மனம் ஒப்பாமல் ஐந்தாவது ஆளைத் தேடிப் போகிறவர்கள் இன்னொரு கிளை. இவர்களையெல்லாம் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே சொல்லப்போவது இவர்கள் எல்லோரையும்விட உயர்ந்த கிளையைப் பற்றி. இடையில் ஒருவரையும் வைத்துக்கொள்ளாமல், நேரே ஆண்டவரையே கேட்டுவிடுகிறவர்கள். சபைகளில் இவர்களைச் 'சித்தம் பார்க்கிறவர்' என்று மரியாதையாகச் சொல்வார்கள்.

ஆண்டவரைக் கேட்பது தப்பா? யார் சொன்னது? கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறவர்களில் இரண்டு விதம் உண்டு. கேட்டுவிட்டு எழுந்து நடக்கிறவர்கள் ஒரு விதம். எழுந்து நடக்காமல் இருப்பதற்காகவே கேட்கிறவர்கள் இன்னொரு விதம்.

இந்த இரண்டாவது விதத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டுக்கு வந்தவரிடம், "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதர் "இப்பத்தானே குடிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் குடிப்பார். நம்மவர் கண்ணைப் பாதி மூடி, விட்டத்தைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, "சித்தமானால் ஆகட்டும்" என்பார். அது ஆமாவா இல்லையா என்று வீட்டு அம்மாளுக்கு விளங்குவதற்குள் காபியில் ஆடை படிந்துவிடும். சபைக் கூட்டத்தில் ஓடு மாற்ற வேண்டுமென்று யாராவது எழுந்து சொன்னால், "அதை ஜெபத்தில் வைப்போம்" என்பார். சர்க்கார் ஆபீசில் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. ஜெபத்தில் வைத்த ஓடு போன மழைக்கும் ஒழுகியது. இந்த மழைக்கும் ஒழுகும்.

ஐம்பதுகளில் ஓசூரில் இந்த இனத்துக்குத் தலைமை வகித்தவர் கம்பவுண்டர் மனாசே. ஊரே ராஜ்ய எல்லை எப்படிப் பிரியும், ஓசூர் சென்னைப் பக்கமா மைசூர்ப் பக்கமா என்று டீக்கடைகளில் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. மனாசே மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பதில் அவருக்கு விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. அவர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நிற்கிறார்.

மாட்டு ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. அங்கே அவரைப் பார்த்தவர்கள் இதையெல்லாம் நம்பமாட்டார்கள். வயிறு உப்பிய மாட்டை ஒருவன் அலறிக்கொண்டு ஓட்டி வந்தால், மனாசே சட்டைக் கையை மடித்துக்கொள்வார். "பிடிடா மூக்கணாங்கயிற! தூக்குடா தலைய!" என்று அதட்டுவார். மூங்கில் குழாயில் எண்ணெயை நிரப்பி மாட்டின் கடைவாயில் சொருகி இறக்கிவிட்டுத்தான் டாக்டருக்கே ஆள் அனுப்புவார். வானத்தை ஒரு தரம்கூடப் பார்க்கமாட்டார். சபையில் யாரோ இதைக் கேட்டதற்கு, "மாட்டுக்கு என்னய்யா சித்தம் பாக்கறது? வயிறு உப்பியிருக்கு, எண்ணெய் ஊத்தணும், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் என்று அவர் சொல்லிக் கேட்கவேண்டுமானால் நீங்கள் மாடாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் மனாசே கைக்கொண்டது கட்டைவிரல் முறை. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறப்பது, கட்டைவிரலை வைப்பது, விரல் பட்ட வசனத்தின்படி நடப்பது. பசு வாங்கலாமா என்று கேட்டபோது பிரளயத்தில் மிருகங்களை ஏற்றிய பேழையின் நீள அகலம் வந்தது. முதலில் கொட்டகை போடவேண்டும் என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டு கொட்டகை போட்டார். பசு வாங்குவதைப் பற்றி வேதம் அப்புறம் வாயே திறக்கவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டபோது பற்கடிப்பைப் பற்றிய வசனம் வந்தது. பிடுங்கச் சொல்கிறதா, கடித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறதா? அது விளங்காமல் பாதி முகம் பூசணிக்காயாக வீங்கி, வாயைத் திறந்து கேட்கவும் முடியாத நிலைமைக்கு வந்த பிறகுதான் கட்டைவிரல் முறையைக் கைவிட்டார்.

அப்புறம் கம்பளி முறை.

பழைய ஏற்பாட்டில் ஒரு படைத்தலைவர் யுத்தத்துக்குப் புறப்படு முன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டுவைத்து, விடிந்ததும் பனி எதன்மேல் பெய்திருக்கிறது என்று பார்த்தாரே, அந்தக் கதை மனாசேக்குப் பிடித்துப்போயிற்று. அந்த மனிதர் கேட்டது ஒரு தேசத்தின் தலையெழுத்தைப் பற்றி. அதுவும் பயந்து பயந்து, கோபிக்கவேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டு. மனாசே கேட்டது குடை ரிப்பேர் செய்யலாமா, புதிதாக வாங்கலாமா என்பதைப் பற்றி. ஆட்டுத்தோல் ஒன்று கொண்டுவந்தார். அதன் நாற்றம் தாங்காமல், "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வெள்ளையம்மா, அதாவது அவர் சம்சாரம், திட்டமாகச் சொல்லிவிட்டாள். ஆகவே அஞ்செட்டிப் பக்கத்தில் ஆடு மேய்த்துக் கம்பளி நெய்கிற குறும்பர் கங்கப்பனிடம் ஒரு கறுப்புக் கம்பளி வாங்கினார். ராத்திரி ஜெபம் முடிந்ததும் அதைக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின்மேல் விரித்துவிட்டுப் படுப்பார். காலையில் எழுந்து முறுக்கிப் பார்ப்பார். தண்ணீர் சொட்டினால் சம்மதம். காய்ந்திருந்தால் மறுப்பு. தோல் நனைந்து தரை காய்ந்திருக்கவேண்டும் என்று அந்தப் படைத்தலைவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அதெல்லாம் சிக்கலென்று மனாசே விட்டுவிட்டார்.

நீங்கள் ஓசூர்க்காரரானால் இதற்குள் சிரித்திருப்பீர்கள். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். அந்த மேட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் மாசி முடிகிறவரை பனி கொட்டும். கல்லில் கம்பளி போட்டாலும் நனையும், கரண்டி போட்டாலும் நனையும். பங்குனி வந்ததோ இல்லையோ, ஒரு சொட்டு இருக்காது. ஆகவே மனாசேயின் வீட்டில் ஆண்டவர் குளிர்காலம் முழுவதும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெயில்காலம் முழுவதும் எல்லாவற்றையும் தட்டிக்கழித்தார்.

இது மனாசேக்கு மட்டும் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மளிகைக் கடை கௌஸ் மொய்தீன், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியை எடுத்துவிட்டுச் சுவர் வைத்துக்கொள்ள மார்கழியில் அனுமதி கேட்டார். மறுநாள் காலையிலேயே கிடைத்தது. "உங்க சாமி ரொம்ப நல்லவரு கம்பவுண்டரே, ஆனா அவருகிட்ட நேரம் பாத்துத்தான் போவணும்" என்றார் பாய், முகத்தை வைத்துக்கொள்ள வேண்டிய விதமாக வைத்துக்கொண்டு. வெள்ளையம்மாவின் நல்ல சேலைகள் எல்லாம் கார்த்திகையில் எடுத்தவை. மகள் செல்வம்மாளுக்கு ஒரு வருஷம் தை மாதத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வரன் வந்து, கம்பளி சொட்டச் சொட்ட நனைந்து, ஏகமனதாகச் சம்மதம் சொல்லியாயிற்று. தேதி குறிக்கச் சித்திரையில் கேட்டபோது கம்பளி பொரபொரவென்று காய்ந்து கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பதிலைக் கேட்டு எழுந்து போனவர்கள்தான். செல்வம்மாள் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். வரனைவிட வெயில் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

இன்னொரு ஆளையும் சொல்லிவிட வேண்டும். ஜட்கா வண்டி திம்மப்பன். தாய்மொழி கன்னடம், பேசுவது கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில். எந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாலும் "சித்தவா?" என்று ஒரு குரல் கொடுப்பான். தயாரா, கிளம்பலாமா என்று அதற்கு அர்த்தம். ஓசூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மனாசேக்கும் தெரியும், சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குக் கன்னடம் அவருக்கு வரும். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் காதுக்குள் போகும்போதே தமிழாகிவிடும். திம்மப்பன் "சித்தவா சாமி?" என்பான். மனாசே வாசற்படியில் ஒரு கால் வைத்து நின்றுகொண்டு, மனம் நொந்து, "இன்னும் தெரியலையேப்பா" என்பார். திம்மப்பன் குதிரைக்குப் புல் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வான். "இந்த சாமி எப்பவும் ரெடி இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். வேத சாஸ்திரம் படித்தவர்கள்கூட மனாசேயை இவ்வளவு சரியாகக் கணித்ததில்லை.

சிரித்தாயிற்று. இப்போது செல்வம்மாளின் விஷயத்துக்கு வருவோம்.

பெங்களூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சபைப் பாதிரியாரான ஐயர் சொன்னது மார்கழி மாதத்தில். எழுதிப் போடலாமா என்று செல்வம்மாள் கேட்டாள். கம்பளி போட்டார், நனைந்தது, எழுதிப் போட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர்கள் இஷ்டத்துக்கு யோசித்து, இடம் கொடுத்திருக்கிறோம், திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று பதில் அனுப்பியது எப்போது? வைகாசியில். தார் ரோடு உருகுகிற வைகாசியில்.

அன்று ராத்திரி மனாசே கம்பளியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனதைப் பார்த்த வெள்ளையம்மா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

காலையில் கம்பளி அப்பளமாக இருந்தது.

"சித்தமில்லம்மா" என்றார் மனாசே. அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

"ஏம்ப்பா, மார்கழியில எழுதிப் போடச் சொன்னதும் இதே கம்பளிதான?" என்றாள் செல்வம்மாள்.

"எழுதிப் போடத்தான் சித்தம் வந்துச்சு. போறதுக்குன்னு வரலியே."

"எங்கேயும் போவாம சும்மா எழுதிப் போட்டு விளையாடறதுக்கு ஆண்டவருக்கு இன்னா வேலையா இல்ல?"

இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்பதாக மட்டும் மனாசே சொன்னார். அந்தப் படைத்தலைவரும் இரண்டாம் தரம் கேட்டார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. இரண்டாம் நாளும் அப்பளம்தான்.

வெள்ளையம்மா இடுப்பில் குடத்தோடு மகளைச் சமையலறைக்குள் இழுத்து, காதோடு சொன்னாள். "விடிகாலம் நான் எழுந்து ஒரு குடம் தண்ணிய ஊத்திடறேன். அவருக்கா தெரியப்போவுது? பனிதான்னு சொல்லிட்டு அனுப்பிடுவாரு."

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? இரண்டு குடமாக ஊற்று என்றுதான் சொல்லியிருப்போம். செல்வம்மாள் தலையை ஆட்டினாள். "வேணாம்மா. குடத்துத் தண்ணிய ஊத்தி வாங்கற சித்தம் எனுக்கு வேணாம். அங்க போயி ராவும் பகலும் நோயாளிங்கள பாக்கணும். முடியல, திரும்பிடலாம்னு ஒரு நாளு தோணும். அப்ப நானாத்தான் வந்தேன்னு எனுக்கு நானே சொல்லிக்கணும். குடத்துத் தண்ணிதான் அனுப்புச்சுன்னு சொல்லிக்க முடியுமா?"

வெள்ளையம்மா குடத்தைக் கீழே வைத்தாள். தன் சேலைகளை எல்லாம் ஒரு கணம் நினைத்துக்கொண்டாள்.

பிறகு செல்வம்மாள் நேராக அப்பாவிடம் போய் நின்றாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்கப்பா. நான் போவல. ஆனா உங்க வாயால சொல்லுங்க. கம்பளி வாயால வேணாம்." மனாசே வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வயிறு உப்பிய மாடாக இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் போனார். தமக்கு ஆதரவாக இரண்டு வார்த்தை கிடைக்குமென்று எதிர்பார்த்துத்தான் போனார். இந்த இனத்துக்கு அதுவும் ஒரு வழக்கம்.

ஐயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மனாசே, ஏதேன் தோட்டத்துல ஆண்டவர் அந்த மரத்தச் சுத்தி வேலி போட்டாரா?" என்றார்.

"போடலிங்க ஐயா."

"ஏன் போடல?"

மனாசே யோசித்தார். "போட்டிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க" என்றார்.

ஐயருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "வேலி போட்டு வளக்கிறது மாட்டுக்கு. நமக்கு மனசுன்னு ஒண்ணக் குடுத்து, புத்தின்னு ஒண்ணக் குடுத்து, எது நல்லதுன்னும் சொல்லிட்டு, கைய மட்டும் கட்டாம விட்டிருக்காரு. பொண்ணு படிச்சவ. கெட்ட இடமா போறா? நோயாளிக்கு ஊழியம் செய்யப் போறா. இதுல இன்னும் தெரியவேண்டியது என்ன இருக்கு? நீங்க ஆண்டவரோட சித்தத்தத் தேடல மனாசே. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பழியத் தூக்கிப் போட அவரு தலையத் தேடறீங்க."

மனாசேக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம். வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் மனதுக்குள் ஐயருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். எந்தப் பதிலும் நிற்கவில்லை. பயம்தான். வேறொன்றுமில்லை. பெங்களூரில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஒரு கெட்ட பேர் வந்தால், ராத்திரி டூட்டியில் தனியாக உட்கார்ந்து அழுதால், 'நீதானே அனுப்பினாய்' என்று யாராவது கேட்பார்களே. யாரும் கேட்காவிட்டாலும் தாமே கேட்டுக்கொள்வாரே. கம்பளி அனுப்பியது என்றால் யாரும் எதுவும் கேட்க முடியாது. அந்தக் கம்பளியின் கதகதப்பை அவர் தோளில் போர்த்தாமலேயே இத்தனை வருஷமாக அனுபவித்து வந்தார்.

அன்று ராத்திரி மூன்றாம் தரம் கம்பளியை விரித்தார். செல்வம்மாள் தன்பாட்டுக்கு டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலை பஸ்ஸுக்கு வண்டி கொண்டுவரச் சொல்லித் திம்மப்பனுக்கு ஏற்கனவே சொல்லியனுப்பியிருந்தாள். வேண்டாம் என்று அப்பா தன் வாயால் சொல்லி நிறுத்தினால் பெட்டியைத் திறந்து துணியை மறுபடி எடுத்து வைத்துவிடலாம். அடுக்கியதால் என்ன நஷ்டம் என்பது அவள் கணக்கு.

விடிந்தது. மனாசே கதவைத் திறந்தார். கம்பளி நனைந்திருந்தது.

சாதாரணமாகவா? முறுக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்லின் நாலு பக்கமும் ஒழுகிக்கொண்டிருந்தது. கல் நனைந்திருந்தது, கொல்லை நனைந்திருந்தது, கௌஸ் மொய்தீனின் புதுச் சுவர் நனைந்திருந்தது, தெருக்கோடிவரை சேறு. ராத்திரி கோடைமழை கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. இன்னும் தூறல் விடவில்லை.

உங்களுக்கும் எனக்கும் இது போதும். ஆண்டவர் இதைவிட எப்படித்தான் சம்மதம் சொல்வார்? பனிக்குப் பதிலாக மேகத்தையே கவிழ்த்து ஊற்றியிருக்கிறாரே! வெள்ளையம்மா கையைக் கூப்பிவிட்டாள். மனாசேயோ ஒழுகுகிற கம்பளியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தூறலில் நனைந்தபடி, நெற்றியைச் சுருக்கினார்.

"இது மழையாச்சே" என்றார்.

"அதுக்கு?" என்றாள் வெள்ளையம்மா.

"பனின்னுதான கேட்டேன். மழை பனியாவுமா?"

வெள்ளையம்மா என்ன சொன்னாள் என்பதை எழுதவேண்டாம். அவளும் சபையில் அங்கத்தினர்.

மனாசேயின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழையைச் சேர்த்தால் சம்மதம். சேர்க்காவிட்டால் பதிலே இல்லை. சேர்ப்பதா வேண்டாமா என்று யாரைக் கேட்பது? அதற்கு ஒரு கம்பளி போடவேண்டும். அதற்கு ராத்திரி ஆகவேண்டும். பஸ் காலையில். முதல் தடவையாக ஒரு கேள்வி கம்பளிக்கு வெளியே வந்து, தனியாக, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சித்தவா?"

மனாசே சட்டென்று மேகத்தை அண்ணாந்து பார்த்தார். தூறலும் மேகமூட்டமுமான அந்த விடியற்காலையில், வீட்டைத் தாண்டி, தெளிவாக, கொஞ்சம் அவசரமாக மறுபடியும் வந்தது அந்தக் குரல்.

"சித்தவா? சித்தவா?"

இத்தனை வருஷமாக மனாசே கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்குத் திருப்பி அவரைக் கேட்கிறது. உனக்குச் சித்தமா?

வீட்டுக்குள்ளிருந்து செல்வம்மாளின் குரல் எழுந்தது. வண்டிக்காரனுக்குத்தான் பதில் சொன்னாள். தமிழில் சொன்னாளா, கன்னடத்தில் சொன்னாளா என்று யாராலும் சொல்ல முடியாது.

"சித்தம்!"

மனாசே கம்பளியோடு உள்ளே ஓடி வந்தார். செல்வம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள். "பெட்டி கனமா இருக்குதுப்பா. ஒரு கை தூக்கி விடறீங்களா?" என்றாள்.

வேறெதுவும் கேட்கவில்லை. போகலாமா என்று கேட்கவில்லை. சம்மதமா என்று கேட்கவில்லை. தெருவில் திம்மப்பன், "பேக பன்னி, சீக்கிரம் வாங்க! பஸ்ஸு ஹோகுத்தே, அப்பறம் என்னச் சொல்லக்கூடாது!" என்று கத்தினான். குதிரை காலை மாற்றி மாற்றி வைத்தது. மனாசேயின் இரண்டு கையிலும் கம்பளி இருந்தது. அதை வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்க முடியாது.

அவர் கம்பளியைக் கீழே போட்டார்.

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் நிற்காமல், சேற்றில் இறங்கி, வண்டிக்குள் வைத்தார். கௌஸ் மொய்தீன் கடையைத் திறந்துகொண்டிருந்தவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் பார்த்தார். "சாமி ரெடி!" என்று திம்மப்பன் வாய் பிளந்தான். அப்புறம் மேலே பார்த்துவிட்டு, "வண்டி கூரை ஒழுகுது சாமி. பாப்பா நனைஞ்சிடும். ஏதாவது கம்பளி கிம்பளி இருந்தா குடுங்க" என்றான்.

வெள்ளையம்மா உள்ளே திரும்பும் முன்பு மனாசேயே ஓடினார். கம்பளியை எடுத்துப் பிழிபிழியென்று பிழிந்தார். எவ்வளவு சொட்டியது என்று பார்க்கவில்லை. இரண்டாக மடித்து மகளின் தலைமேல் முக்காடாகப் போட்டு, முழங்கைவரை இழுத்துவிட்டார். மழைக்கு ஆடு மேய்க்கிறவர்கள் போட்டுக்கொள்வார்களே, அதே மாதிரி. கம்பளி எதற்கு நெய்யப்பட்டதோ அந்த வேலைக்கு அவர் வீட்டில் அது முதல் தடவையாகப் பயன்பட்டது.

"போயிட்டு வாம்மா. நான் சொல்றேன், போயிட்டு வா" என்றார். 'நான்' என்ற அந்தச் சொல் அவர் வாயில் புதிதாக இருந்ததால் கொஞ்சம் தடுக்கியது. செல்வம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டி நகர்ந்தது. மனாசே அது தெருமுனையில் திரும்புகிற மட்டும் நின்று, அப்புறமும் நின்றார். பயம் போகவில்லை. பயத்தோடுதான் தூக்கினார், அதுதான் அவர் செய்ததில் பெரிது.

அப்புறம் மனிதர் மாறிவிட்டார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இந்த இனத்தின் பழக்கமில்லை. பத்து மணிக்கு மாட்டு ஆஸ்பத்திரியில், "ஆண்டவரே நேர்ல கேட்டாருய்யா, சித்தமான்னு" என்று ஆரம்பித்தார். "தமிழ்லயா?" என்று ஒருவன் கேட்டான். மனாசே கொஞ்சம் யோசித்துவிட்டு, "கன்னடத்துலதான்" என்றார். "நம்ம ஊர்ல அவருக்கும் ரெண்டு பாஷையும் வேணுமே."

ஆடி மாதத்தில் புதுக் கம்பளி வாங்குவதென்று பஸ் பிடித்து அஞ்செட்டிக்கே போனார். கங்கப்பன் இரண்டு கம்பளிகளை எடுத்துப் போட்டு, "கறுப்பா சாமி, பழுப்பா?" என்றான். மனாசே கறுப்பைப் பார்த்தார். பழுப்பைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். எந்தக் கம்பளியை வாங்குவது என்று தெரிந்துகொள்ள அவரிடம் கம்பளி இல்லை. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்துக்கு இருந்த ஒரே ஒரு பஸ் ஓசூருக்குத் திரும்பிப் போயிற்று. மறுநாள் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். வெள்ளையம்மா அன்றைக்குத்தான் நிஜமாகவே ஸ்தோத்திர ஜெபம் செய்தாள்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்கிறீர்கள். கம்பளி போடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல்லி எந்தப் பக்கம் சொன்னது என்று நின்று கேட்டீர்களே, போன வாரம்? பூ கட்டிப் போட்டு, வெள்ளை வந்ததும் 'இன்னொரு தரம் போடு' என்றீர்களே? 'தபால் வரட்டும்', 'பொங்கல் போகட்டும்', 'பெரியவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்' என்று எத்தனை கம்பளி காய்கிறது உங்கள் கொல்லையில்? செய்யவேண்டியது இன்னதென்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காரியம், இந்த நிமிஷம், உங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதை ஏன் இன்னும் செய்யவில்லை என்று எனக்குச் சொல்லவேண்டாம்.

கொஞ்சம் வாசலை எட்டிப் பாருங்கள். வண்டி ஒன்று வெகு நேரமாக நிற்கிறது. குதிரை புல்லைத் தின்று முடித்துவிட்டது. வண்டிக்காரன் கேட்கிறான்: சித்தவா?